கணினிக் கையேடுகளின் அச்செழுத்து மரபுகள்

மென்பொருள் ஒன்றை இயக்கும் முறையை விளக்குவதற்கென எழுதப்படும் கையேட்டில், வாசகன் ஓர் எழுத்தும் மாறாமல் தட்டச்சிட வேண்டிய சொல் எது, தன் நிலைமைக்கேற்பத் தானே ஒன்றை இட்டு நிரப்ப வேண்டிய சொல் எது, யந்திரம் தானாகத் திரையில் காட்டும் வாசகம் எது, நூலாசிரியர் தம் குரலில் சொல்லும் விளக்கம் எது என்னும் நால்வகையையும் ஒன்றோடொன்று மயங்காமல் பிரித்துக் காட்டும் பொருட்டு, எழுத்தின் வடிவம், தடிப்பு, சாய்வு, அகலம், நிறம் ஆகியவற்றையும் பலவகை அடைப்புக் குறிகளையும் ஒரு நியமத்துக்கு உட்படுத்திக் கையாளும் வழக்கம் அச்செழுத்து மரபு எனப்படும். கையேட்டின் முகப்பில், முன்னுரைக்கும் முதல் அத்தியாயத்துக்கும் இடையே, ‘இந்நூலில் கையாளப்படும் மரபுகள்’ என்பது போன்ற தலைப்பில் ஒரு பக்கம் அளவுக்கு இந்நியமம் விவரிக்கப்படும். வாசகர் பெரும்பாலோர் அப்பக்கத்தைப் படியாமலே தாண்டிச் செல்வர் என்பதை அறிந்தேதான் அதை எழுதுவோரும் எழுதுகின்றனர்.

இலக்கிய நூலில் சாய்வெழுத்து அழுத்தத்தையோ நூற்பெயரையோ பிறமொழிச் சொல்லையோ குறிக்கும். அதை வாசகன் கவனியாது போனால் நயம் சிறிது குறையுமேயன்றி விபரீதம் ஒன்றும் விளையாது. கணினிக் கையேட்டின் நிலை வேறு. இங்கே அச்சிலுள்ள எழுத்து, படிக்கப்படுவதோடு நில்லாமல், அப்படியே மீண்டும் யந்திரத்தினுள் செலுத்தப்படுகிறது. யந்திரமோ எழுதியவனின் கருத்தை ஊகித்தறியும் திறன் அற்றது. யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையின் உலகில் பிரசித்தி பெற்ற வீஐ என்னும் உரைதிருத்தியில், ‘டி’ என்ற விசையை இருமுறை அழுத்தினால் ஒரு வரி நீங்கும். அதன்பின் முற்றுப்புள்ளியை அழுத்தினால், முன்பு செய்த காரியம் மீண்டும் ஒருமுறை நடந்தேறும். அமெரிக்க அச்சக வழக்கமோ, வாக்கியம் முடியும் இடத்தில் மேற்கோள் வருமாயின் முற்றுப்புள்ளியை மேற்கோள் குறிக்கு உள்ளே வைக்கும்படி விதிப்பது. அவ்வழக்கத்தைப் பின்பற்றி அச்சிட்ட கட்டளையை நம்பித் தட்டச்சிடுபவன், ஒரு வரியை நீக்க எண்ணி இரண்டு வரிகளை இழந்து நிற்பான். இத்தகைய காரணங்களால்தான் அமெரிக்கக் கணினித் துறையினர், தங்கள் நாட்டின் அச்சக சம்பிரதாயத்தையே மீறி, நிறுத்தற் குறியை மேற்கோளுக்கு வெளியே தள்ளி வைக்கத் துணிந்தனர்.

இலக்கண விவரணையிலிருந்து பிறந்த குறிகள்

இம்மரபுகளின் மூலத்தைத் தேடிச் சென்றால், அச்சகத்துக்குப் போவதற்கு முன்பாகவே செயற்கை மொழிகளின் இலக்கணத்தைச் சந்திக்கிறோம். 1959இல் பாரிஸ் நகரில் யுனெஸ்கோவின் ஆதரவில் நடைபெற்ற தகவல் செயலாக்க மாநாட்டில், ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேக்கஸ், நிரல்மொழியின் வாக்கிய அமைப்பைச் சூத்திரங்களாக எழுதிக் காட்டும் முறை ஒன்றை முன்வைத்தார். டென்மார்க் தேசத்து பீட்டர் நௌர், 1960இல் தாம் பதிப்பித்த, ஆல்கால் 60 என்னும் நிரல்மொழியின் அறிக்கையில் அம்முறையைச் செப்பனிட்டுக் கையாண்டார். மொழியில் உள்ள சொல்லையும், அச்சொல்லைப் பற்றிப் பேசுவதற்கென இலக்கணக்காரன் புனைந்துகொண்ட பெயரையும் பிரித்துக் காட்ட, பின்னதை < > என்ற கோண அடைப்புக்குள் இட்டது அம்முறையின் சாரம். இன்று எந்தக் கையேட்டிலும் ‘இவ்விடத்தில் உங்கள் பெயரை எழுதுக’ என்பதற்கு அடையாளமாகக் கோண அடைப்பு காணப்படுமாயின், அதன் வமிசாவளி இவ்வறிக்கையைச் சென்று சேரும்.

ஆல்கால் அறிக்கை இன்னுமொரு விந்தையையும் செய்தது. அம்மொழியை ஆதார வடிவம், பிரசுர வடிவம், யந்திர வடிவம் என மூன்று நிலைகளில் அது வகுத்தது. தொடக்கம், முடிவு முதலியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சாயின. அவ்வாறு தடித்து நின்ற சொல், தனித்தனி எழுத்துகளின் கூட்டமாகக் கருதப்படாமல், பிரிக்கவொண்ணாத ஒரே குறியாகக் கொள்ளப்பட்டது. அதாவது, எழுத்தின் தடிப்பு அலங்காரமாக இருந்த நிலைமை போய், மொழியின் பொருளிலேயே ஓர் அங்கமாயிற்று. துளையட்டை யந்திரங்களில் தடித்த எழுத்துக்கு இடம் ஏது? ஆகவே பல யந்திரங்களில் அச்சொற்களின் இருபுறமும் ஒற்றை மேற்கோள் குறியிட்டு அக்குறையை ஈடுசெய்தனர். அச்சில் இருக்கும் வேற்றுமை யந்திரத்தில் இல்லாமற் போவதும், யந்திரத்தில் இல்லாத வேற்றுமைக்கு அச்சில் ஒரு பதில் காணுவதும் இத்துறையின் சரித்திரம் முழுவதும் மாறி மாறி நிகழ்வதைக் காணலாம்.

அதே காலத்தில் வணிகக் கணக்குகளுக்கென ஏற்பட்ட கோபால் மொழியின் கையேடுகள், கணிதவாணரல்லாத அலுவலர்களை உத்தேசித்து, வேறொரு வழியில் சென்றன. பெரிய எழுத்தில் அடிக்கோட்டுடன் அச்சான சொல் கட்டாயம் எழுதப்பட வேண்டியது. பெரிய எழுத்தில் அடிக்கோடின்றி நிற்பது வாசிப்பின் இனிமைக்காக மட்டும் உள்ளது, எழுதினாலும் எழுதாவிட்டாலும் பாதகமில்லை. சிறிய எழுத்தில் நிற்பது நிரலர் தாமே இட்டு நிரப்ப வேண்டியது. நெளிவடைப்புக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சதுர அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிடலாம். முப்புள்ளி வந்தால் அதன் முன்னுள்ளதை வேண்டிய மட்டும் திரும்ப எழுதலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்பும், கட்டளைகளின் அமைப்பைக் காட்டும் எந்தக் கையேட்டிலும் இவற்றுள் மூன்றேனும் உயிரோடிருக்கக் காண்கிறோம்.

ஆயினும் குறிகள் ஒன்றாயிருந்தும் பொருள் ஒன்றாக நிலைக்கவில்லை. ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் விர்த், இலக்கணக் குறியீடுகள் அநாவசியமாகப் பெருகி வருவதைக் கண்டித்து 1977இல் ஒரு சிறு கட்டுரை எழுதி, யாவருக்கும் பொதுவான குறியீடு ஒன்றைத் தாமே வகுத்தளித்தார். அதில் நெளிவடைப்பு, உள்ளிருப்பது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று பொருள்படும். கோபால் வழிவந்த கையேடுகளிலோ அதே நெளிவடைப்பு, உள்ளிருப்பவற்றுள் ஒன்றைக் கட்டாயம் தேர்ந்தெடு என்று ஆணையிடும். பெருக்கத்தைக் குறைக்க முனைந்த முயற்சியே பெருக்கத்துக்கு மேலும் ஒன்றைச் சேர்த்தது. பின்னர் 1996இல் சர்வதேசத் தரமே ஒன்று வெளியாகியும் வேற்றுமை ஒழியவில்லை. ஆகவே ஒரு கையேட்டில் நெளிவடைப்பைக் கண்ட மாத்திரத்தில் பொருள் கொண்டுவிடாமல், அக்கையேடு எந்தப் பரம்பரையைச் சேர்ந்தது என்று விசாரித்தறிவது உசிதம்.

அடைப்புக் குறிகளின் இத்தொல்லையைக் கண்டு அவற்றை அடியோடு விலக்கிய ஒரு சம்பிரதாயமும் உண்டு. கேத்லீன் ஜென்சனும் விர்த்தும் 1974இல் வெளியிட்ட பாஸ்கல் கையேடு, வாக்கிய அமைப்பை ரயில் பாதை போன்ற கோட்டுப் படங்களால் காட்டியது. ஐபிஎம் கையேடுகளும் பிற்காலத்தில் இவ்வழியை மேற்கொண்டன: இரட்டை அம்பில் புறப்படும் நேர்கோட்டின்மேல் நிற்பது கட்டாயமானது, கோட்டுக்குக் கீழே கிளையில் தொங்குவது விருப்பத்தைப் பொறுத்தது, ஒன்றும் சொல்லாதபோது யந்திரம் தானே கொள்ளும் இயல்புநிலை கோட்டுக்கு மேலே நிற்கும். படிப்பதற்கு இதனினும் தெளிவான முறை இல்லை. இடத்தை விழுங்குவதிலும் இதற்கு நிகரில்லை.

யூனிக்ஸ் கையேடும் டெலிடைப்பும்

மென்பொருள் கையேட்டின் இன்றைய முகத்தை உருவாக்கியதில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் இயற்றி 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டு வெளிவந்த யூனிக்ஸ் நிரலர் கையேட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனிப் பக்கம். அப்பக்கத்தில் பெயர், சுருக்க வடிவம், விவரணை, தொடர்புள்ள கோப்புகள், ஒப்பு நோக்க வேண்டியவை, இறுதியில் அறியப்பட்ட வழுக்கள் என ஒரே முறையில் அமைந்த பகுதிகள். தம் படைப்பின் குறைகளுக்கென்று ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இடம் ஒதுக்கிவைத்த நேர்மை, பிற்கால வணிகக் கையேடுகளில் அபூர்வமாகவே காணப்படுகிறது.

இதன் சுருக்க வடிவப் பகுதியே நம் விஷயத்துக்கு முக்கியமானது. விளக்கத்துக்காகத் தமிழிலேயே ஒரு கட்டளையைக் கற்பித்துக்கொள்வோம்:

நகலெடு [-மாற்றாதே] மூலக்கோப்பு ... இலக்கு

இதில் ‘நகலெடு’ என்பது உள்ளபடியே எழுத வேண்டியது. சதுர அடைப்புக்குள் நிற்பதை வேண்டுமாயின் எழுதலாம். எழுதும்போது அடைப்புக் குறிகளை விட்டுவிட்டு, முன்னுள்ள இடைக்கோட்டை மட்டும் விடாமல் எழுத வேண்டும். முப்புள்ளி, மூலக்கோப்புகள் பலவாக இருக்கலாம் என்பதைச் சூசிப்பது. அது எழுதப்பட மாட்டாது. ‘மூலக்கோப்பு’, ‘இலக்கு’ என்பவை வெறும் பதிலிகள். அவற்றின் ஸ்தானத்தில் வாசகன் தன் கோப்புகளின் பெயரை இட வேண்டும். மேலேயுள்ளவாறு தடிப்போ சாய்வோ இன்றி இவ்வரியை அச்சிட்டால், ‘இலக்கு’ என்ற சொல்லையே தட்டச்சிட வேண்டும் போலும் என்று புதியவன் மயங்குவது நியாயமே. முதல் பதிப்பின் முன்னுரை இதற்கு விதித்த பரிகாரம் எளிமையானது: அடிக்கோடிட்ட சொற்கள் உள்ளபடியே எழுதப்படுவன, மற்றவை நிரப்பப்படுவன.

தடிப்பும் சாய்வும் இருக்க, அடிக்கோட்டைத் தேர்ந்தது ஏன் என்று கேட்டால், கணினியின் வெளியீட்டைக் காகிதத்தில் அச்சிட்ட டெலிடைப் யந்திரத்தால் செய்யக்கூடியது அவ்வளவே என்பது விடை. எழுத்தை அச்சிட்டபின் ஓரிடம் பின்னுக்கு நகர்ந்து அதன் மேலேயே கோட்டை அச்சிட்டால் அடிக்கோடு கிடைக்கும். அதே முறையில் அதே எழுத்தை மறுபடியும் அச்சிட்டால் அது சற்றுத் தடித்துத் தோன்றும். காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்துக்கொண்ட பின்னரும் இவ்வுபாயம் அழியவில்லை. பக்கம் பக்கமாக வாசகத்தைக் காட்டும் லெஸ் என்ற மென்பொருள், இவ்வாறு பின்னுக்கு நகர்ந்து மேலெழுதிய எழுத்துகளைக் கண்டால் அவற்றைத் தடித்த எழுத்தாகவும் அடிக்கோடாகவும் இன்றும் மொழிபெயர்த்துக் காட்டுகிறது.

ஜோ ஒஸானா இயற்றிய டிராஃப் என்ற அச்சமைப்பு நிரல், கிராஃபிக் ஸிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஒளி அச்சுக்கோப்பு யந்திரம் ஒன்றை இயக்கத் தொடங்கியபின், கையேட்டுக்கு உண்மையான அச்செழுத்துகள் வாய்த்தன. அந்த யந்திரம் ஒரு தடவையில் நான்கு எழுத்துருக்களை ஏற்கும். ஒவ்வொன்றிலும் 102 வடிவங்கள். வழக்கமாக அவை நேரெழுத்து, சாய்வெழுத்து, தடிப்பெழுத்து, கணிதக் குறிகள் என அமைந்தன. உள்ளபடி எழுதுவதற்குத் தடிப்பு, நிரப்புவதற்குச் சாய்வு, விளக்கத்துக்கு நேரெழுத்து என்னும் யூனிக்ஸ் கையேட்டுப் பக்கத்தின் முத்திற மரபு, அறிஞர் சபை கூடித் தீர்மானித்ததாக இராமல், அந்த யந்திரத்தில் இருந்த எழுத்துருக்களின் எண்ணிக்கைக்கு இசைந்து அமைந்ததென்று எண்ணுவதற்கு இடமுண்டு.

பெயரை அடுத்துப் பிறைவடைப்புக்குள் ஓர் எண்ணை இடும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. கையேடு பயனர் கட்டளைகள், இயக்கமுறை அழைப்புகள், நூலகச் செயற்கூறுகள் என எண்ணிட்ட பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தமையால், பிரிண்ட்எஃப்(1) என்பது விசைப்பலகையில் எழுதும் கட்டளையையும் பிரிண்ட்எஃப்(3) என்பது நிரலுக்குள் அழைக்கும் செயற்கூறையும் குறிக்கும். இதை அறியாதவர், அவ்வெண்ணைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சிட்டுத் திகைப்பது இன்றும் நிகழ்கிறது.

சம அகல எழுத்து

கணினிக் கையேட்டைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டுவது, எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் உடைய எழுத்துருவாகும். இவற்றுள் மிகப் பிரசித்தமான கூரியர், ஐபிஎம் தட்டச்சுப் பொறிகளுக்காக ஹவர்ட் கெட்லர் என்பவர் 1950களின் நடுவில் வரைந்தது. கணினி எழுத்துருவாக வந்தபோதும், எழுத்தளவை 1000 பங்காகப் பகுத்தால் அதன் ஒவ்வோர் எழுத்தும், மெலிந்த ‘ஐ’யும் பருத்த ‘எம்’மும் உட்பட, 600 பங்கு அகலத்தையே கொள்ளும். பிரயன் கெர்னிகனும் ரிச்சியும் எழுதி 1978இல் வெளிவந்த சி மொழி நூல், விளக்கத்துக்கு டைம்ஸ் எழுத்தையும் நிரல்களுக்குக் கூரியரையும் கையாண்டு, தலைமுறைகள் பின்பற்றிய முன்மாதிரி ஆயிற்று.

அழகு நோக்கினால் சம அகல எழுத்து வறியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு மூன்று உபயோகங்கள் உண்டு. யந்திரம் பத்தி பத்தியாக இடும் வெளியீடு அச்சிலும் நேராக நிற்கும். இடைவெளிகளை எண்ணிப் பார்க்கலாம். சுழி என்ற எண்ணுக்கும் ‘ஓ’ என்ற எழுத்துக்கும், ஒன்று என்ற எண்ணுக்கும் ‘எல்’ என்ற எழுத்துக்கும் உள்ள பேதத்தை வெளிப்படையாகக் காட்டும் வடிவங்களை அதில் அமைத்துக்கொள்ளலாம். சுழிக்குக் குறுக்கே கோடிடுவது இந்த மூன்றாவது தேவையால் எழுந்தது. இடைவெளியையே கண்ணுக்குத் தெரியும்படி செய்யவேண்டிய சந்தர்ப்பங்களும் உள்ளன. டொனால்ட் நூத், டெக் என்னும் தம் அச்சமைப்பு நிரலைப் பற்றி 1984இல் வெளிவந்த நூலில், தட்டச்சிட வேண்டிய இடைவெளியைத் தாழ்ந்த தொட்டி வடிவான ␣ என்ற குறியால் காட்டினார்.

நிறமும் ஒரு காலத்தில் பயன்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வேக்ஸ் கணினிக் கையேடுகளில், பயனர் எழுதுவது சிவப்பு மையிலும் யந்திரம் எழுதுவது கறுப்பு மையிலும் அச்சாகிய உதாரணங்களைக் காணலாம். உரையாடலில் யார் எதைச் சொன்னார் என்பதை இதனினும் எளிதாகக் காட்ட இயலாது. ஆனால் நகலெடுக்கும் கறுப்பு வெள்ளை யந்திரத்தின் முன் அம்மரபு ஒரே நொடியில் மறைந்துபோகும். சன் மைக்ரோஸிஸ்டம்ஸ் கையேடுகள் எழுத்துருவை நம்பின: முன்னுரையில் உள்ள அட்டவணையில், ஆங்கில நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துகளையும் முதல் மூன்று எண்களையும் சேர்த்த ஒரே மாதிரிச் சொல்லைச் சம அகல எழுத்திலும், அதன் தடித்த வடிவிலும், சாய்வெழுத்திலுமாக மூன்று முறை அச்சிட்டு, கட்டளைப் பெயரும் திரை வெளியீடும் ஒன்று, நீங்கள் தட்டச்சிடுவது ஒன்று, பதிலி ஒன்று என்று எதிரெதிரே விளக்கின. ஒரைலி பதிப்பகத்தார் இப்பாகுபாட்டை இன்னும் நுணுக்கி, கோப்புப் பெயரையும் புதுக் கலைச்சொல்லையும் சாய்வெழுத்துக்கும், நிரற்பகுதியைச் சம அகல எழுத்துக்கும், பயனர் அப்படியே எழுதுவதை அதன் தடித்த வடிவுக்கும், பயனர் மாற்றி எழுதுவதை அதன் சாய்ந்த வடிவுக்கும் உரியதாக்கினர். பழங்காலப் புத்தகக் கலையில் தேர்ந்தவர் இத்தனை எழுத்துருக்கள் ஒரே பக்கத்தில் நெருங்குவதைக் கண்டால் முகம் சுளிப்பர். அவர் சுளிப்பில் நியாயமும் இருக்கும்.

விசைகள், பட்டிகள், எச்சரிக்கைகள்

அச்சிடத்தக்க எழுத்து எதையும் தோற்றுவிக்காத விசையை அச்சில் காட்டுவது தனியொரு சங்கடம். கண்ட்ரோல் விசையுடன் ‘சி’ என்ற எழுத்தை அழுத்துவதை ^ என்ற கூரைக்குறியை எழுத்துக்கு முன்னிட்டு எழுதும் பழைய வழக்கத்துக்குக் கணித ஆதாரம் உண்டு: எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி அட்டவணையில் அவ்வெழுத்தின் எண் 67, அதிலிருந்து 64ஐக் கழித்தால் வரும் 3 என்பதே அவ்விசைக் கூட்டு அனுப்பும் எண். ஈமாக்ஸ் திருத்தியின் கையேடு அதே கூட்டை விசைப் பெயரின் முதலெழுத்தும் இடைக்கோடுமாக எழுதும். மைக்ரோஸாஃப்ட் கையேடுகள் விசைகளுக்கிடையே கூட்டல் குறியை இடும். ஆப்பிள் கையேடுகள் இடைக்கோட்டையே விரும்பும். கூட்டல் குறி ஏககாலத்தில் அழுத்துவதைக் காட்டுவதால், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டியவற்றுக்குக் காற்புள்ளியை ஒதுக்கிவைக்க முடிந்தது. இவ்வகையில் மைக்ரோஸாஃப்ட் வழக்கே தெளிவானது என்று சொல்லத் தோன்றுகிறது. விசையின் பெயரைக் கட்டத்துக்குள் அடைத்து அச்சிடுவதும் உண்டு. மக்கின்டாஷ் கணினியின் ⌘ குறி, ஸ்வீடன் நாட்டில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் வழிகாட்டிப் பலகைக் குறியிலிருந்து ஸூஸன் கேர் தேர்ந்தெடுத்தது. விசையின்மேலும் பட்டியிலும் கையேட்டிலும் ஒரே வடிவம் நிற்பதால் வாசகன் மனத்தில் எதையும் மொழிபெயர்த்துக்கொள்ள நேர்வதில்லை.

சாளரங்களும் பட்டிகளும் வந்தபின், தட்டச்சிடும் சொற்கள் குறைந்து, சொடுக்கும் சொற்கள் பெருகின. திரையில் காணும் பொத்தானின் பெயரைத் தடித்து அச்சிடுவதும், ஒரு பட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியைக் கோப்பு > அச்சிடு என்றவாறு காட்டுவதும் அப்போது பரவின. எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தர நிறுவனம் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்ற சொற்களை உடலுக்கு நேரும் கேட்டின் தீவிரத்தைக் கொண்டு படிநிலைப்படுத்தியுள்ளது. மென்பொருளால் பெரும்பாலும் கேடுறுவது தரவேயாதலால் கையேடுகள் அச்சொற்களைத் தம் விருப்பப்படி வளைத்துக்கொண்டன. கடினமான பகுதிகளுக்கு எச்சரிக்கையாக நூத் ஓரத்தில் இட்ட ‘அபாயகரமான வளைவு’ச் சின்னம், பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுக் கணிதக் குழுவினரிடமிருந்து பெறப்பட்டது.

தடிப்பும் சாய்வும் கிட்டாத இடத்தில் பெரிய எழுத்தே அடைக்கலம். ஒரு வரியில் 72 எழுத்து, ஒரு பக்கத்தில் 58 வரி என வெற்றெழுத்தாகவே நெடுங்காலம் வெளியான, ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தர ஆவணங்களில், கட்டாயம், பரிந்துரை, அனுமதி ஆகிய மூன்று நிலைகளைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் பெரிய எழுத்தில் எழுதப்படுகின்றன. அச்சொற்களின் பொருளை 1997இல் ஆர்எஃப்சி 2119 வரையறுத்தது. சிறிய எழுத்தில் வந்தால் அதே சட்டப் பொருள் உண்டா என்ற சர்ச்சை இருபதாண்டு நீடித்து, பெரிய எழுத்துக்கு மட்டுமே அப்பொருள் என்று 2017இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியதும் ஓய்ந்தது.

தோற்றமும் பொருளும்

எழுத்தின் தோற்றத்தை ஆசிரியர் நேரடியாகக் குறிப்பிடுவதைவிட, சொல்லின் தன்மையைக் குறித்துவிட்டுத் தோற்றத்தை நிரலிடம் ஒப்படைப்பதே மேல் என்ற கருத்து 1980களில் வலுப்பெற்றது. ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்துக்கென அமைத்த டெக்ஸின்ஃபோ முறையில், நிரற்சொல், கோப்புப் பெயர், விசைப்பலகை உள்ளீடு, மாறக்கூடிய பதிலி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு; அச்சில் சாய்வாக வரும் பதிலி, சாய்வெழுத்தற்ற திரையில் பெரிய எழுத்தாக வரும். பெர்க்கிலி யூனிக்ஸுக்கு சிந்தியா லிவர்மோர் இயற்றிய எம்டாக் குறியீடுகளும், 1991இல் ஹால் நிறுவனமும் ஒரைலி பதிப்பகமும் தொடங்கிய டாக்புக்கும் இவ்வழியை விரிவாக்கின. 1995இல் ஆர்எஃப்சி 1866 வரையறுத்த எச்டிஎம்எல் மொழியிலும் நிரல், மாதிரி வெளியீடு, விசையுள்ளீடு, பதிலி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இடம்பெற்றன.

2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன், எழுதுவதற்கு எளிமையான முறையாதலால் எங்கும் பரவிற்று. அதில் நிரற்சொல்லுக்கு உள்ளது பின்சாய்ந்த ஒற்றைக் குறி ஒன்றே. கட்டளை, கோப்பு, வெளியீடு, பதிலி யாவும் அந்த ஒரே குறிக்குள் அடங்கின. கோபால் கையேடு மூன்றாகவும் ஒரைலி நூல் நான்காகவும் பிரித்தவை மீண்டும் ஒன்றாய்க் குழைந்தன. எளிமையின் பொருட்டுக் கொடுத்த இவ்விலை சற்று அதிகம் என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

தமிழ்க் கையேடுகள்

தமிழில் மென்பொருள் விளக்கம் எழுதுவோருக்கு இம்மரபுகளுள் பாதி கைகொடுப்பதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் நம் லிபியில் இல்லை. சாய்வெழுத்து நம் அச்சு மரபில் வேரூன்றாதது. கணினி தானே சரித்துக் கொடுக்கும் தமிழெழுத்து கண்ணை உறுத்தும். ‘ண’, ‘ர’ என்பவற்றின் இயற்கையான அகல வேற்றுமையும், ‘கொ’ என்பதில் போல மெய்க்கு இருபுறமும் குறி நிற்கும் அமைப்பும், ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்ற சம அகலக் கணக்கில் அடங்குவதில்லை. தடிப்பெழுத்து ஒன்றே எஞ்சுகிறது. அதிலும் சிறிய அளவில் சுழிகள் அடைபடும்.

நடைமுறையில் இக்குறையைப் போக்கி வந்தது ரோமன் லிபியே. தமிழ் வாக்கியத்தின் நடுவே கட்டளை மட்டும் அந்நிய லிபியில் நிற்கும்போது, சம அகல எழுத்து செய்ய வேண்டிய பணியை லிபி வேற்றுமையே செய்துவிடுகிறது. வேற்றுமை உருபைக் கட்டளையோடு ஒட்டும்போது இடையில் ஓர் இடைக்கோடு இட்டுப் பிரிப்பதும் இதனால் வழக்கமாயிற்று. இல்லையேல் கட்டளை எங்கே முடிந்து உருபு எங்கே தொடங்குகிறதென்று புலப்படாது. பட்டிகளும் பொத்தான்களும் தமிழாக்கப்பட்ட மென்பொருளில் அந்த அநுகூலம் மறைகிறது. அங்கே ‘சேமி’ என்பதைச் சொடுக்குக என்று மேற்கோள் குறியும் ‘என்பதை’யும் சேர்த்து எழுத நேர்கிறது, தொடரின் எல்லையைக் காதுக்கும் உணர்த்தும் இந்த ஏற்பாடு எழுத்துரு எதையும் சாராதது.

நகலெடுத்து ஒட்டும் காலம்

மேற்கூறிய மரபுகள் யாவும், வாசகன் அச்சைப் பார்த்துத் தன் விரலால் தட்டச்சிடுகிறான் என்ற அநுமானத்தில் எழுந்தவை. கையேடு திரைக்கு வந்தபின் அவன் தட்டச்சிடுவதில்லை. பகுதியைத் தேர்ந்து நகலெடுத்து ஒட்டுகிறான். அப்போது தடிப்பும் சாய்வும் நிறமும் வழியிலேயே உதிர்ந்து, எழுத்துகள் மட்டுமே போய்ச் சேருகின்றன. வரியின் முகப்பில், யந்திரம் கட்டளையை எதிர்நோக்குவதைக் காட்டும் $ குறியும், நிர்வாகிக்கு உரிய # குறியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். முன்னது பிழைச் செய்தியைத் தருவிக்கும், பின்னதைக் கண்ட, கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் யூனிக்ஸ் ஷெல் முழு வரியையும் குறிப்புரை என்று கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும். அச்சழகுக்காக வளைந்த மேற்கோள் குறிகளையும் நீண்ட கோடுகளையும் தாமாகவே மாற்றியிடும் சொற்செயலிகள், நேரான குறியை எதிர்பார்க்கும் நிரலைக் குலைக்கின்றன. டிராஃப் வழிவந்த நிரல்களில் இடைக்கோடும் கழித்தல் குறியும் வெவ்வேறாகையால், கையேடெழுதியவர் ஒன்றுக்கு மற்றொன்றை இட்டிருப்பின், திரையில் ஒன்றேபோல் தோன்றும் கோடு கட்டளையில் செல்லாமற் போகும்.

கோண அடைப்பின் கதி இதனினும் மோசமானது. ஆல்கால் அறிக்கையில் அது இலக்கணக்காரனுக்கு மட்டும் உரியதாயிருந்தது. யூனிக்ஸ் ஷெல்லிலோ < என்பது கோப்பிலிருந்து படி என்றும் > என்பது கோப்பில் எழுது என்றும் ஆணையாகும். பதிலியை மாற்றாமல் அடைப்போடு ஒட்டியவனின் கோப்பு ஒன்று அழிந்து வெறுமையாகவும் கூடும். இவ்வாறான காரணங்களால், பதிலியை எழுத்துருவால் காட்டுவதை விடுத்து, மாற்றாமல் ஒட்டினாலும் தீங்கு விளையாத மாதிரிப் பெயர்களைக் கையேட்டுக்கென்றே ஒதுக்கிவைக்கும் வழி தோன்றிற்று. 1999இல் ஆர்எஃப்சி 2606, ‘எக்ஸாம்பிள்’ என்ற பெயரில் அமைந்த இணையப் பெயர்களை எவருக்கும் பயன்பாட்டுக்கு வழங்காமல் ஆவணங்களுக்கென ஒதுக்கியது; 2010இல் ஆர்எஃப்சி 5737, 192.0.2 என்று தொடங்கும் 256 முகவரிகளையும், அவற்றோடு அதே அளவுள்ள வேறு இரண்டு தொகுதிகளையும் அவ்வாறே ஆவணங்களுக்கு உரியனவாக்கியது.